சிவப்புப் பூட்டு கிட்: மெஷின் துடைக்கும் கைக்கு எது உதவும், எது உதவாது

ஸ்பின்னிங் மில்லிலோ பேக்கரியிலோ அச்சகத்திலோ ஒருவருக்கு விரல் போனால், "ஓட்டத்தில் கையை விட்டுட்டான்" என்று ஒரே வரியில் பேச்சை முடித்துவிடுவார்கள். எதற்காகக் கை உள்ளே போனது என்று கேட்டால் பல நேரம் வரும் பதில் இதுதான்: ரோலரில் சுற்றிய பஞ்சை எடுக்க, மாவு பிசையும் தொட்டியின் ஓரத்தை வழிக்க, சிலிண்டரில் ஒட்டிய மையைத் துடைக்க. உற்பத்தி நேரத்தில் மூடியே கிடக்கும் கவசம் திறப்பது சுத்தம் செய்யும்போதுதான். அதனால், மெஷினுக்கு வரும் மின்சாரத்தை ஆஃப் செய்து பூட்டி எச்சரிக்கை அட்டை தொங்கவிட உதவும், லாக்-அவுட் டேக்-அவுட் கிட் அல்லது சுருக்கமாக லோட்டோ கிட் என்று விற்கும் சிவப்புப் பையை எலக்ட்ரீசியனின் வசதியை மட்டும் வைத்து மதிப்பிட்டால் போதாது. கூட்டித் துடைக்கும் ஆளின் கையை அது காக்குமா என்று பார்க்க வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கிட்டில் உள்ள பூட்டும், ஒரே சுவிட்சில் பலர் பூட்டு மாட்ட உதவும் கவ்வியான ஹாஸ்பும் கட்டாயம் வாங்க வேண்டியவை. எம்.சி.பி. (மின் பேனலில் உள்ள சிறு பிரேக்கர் சுவிட்ச்) கிளிப்புகளை உங்கள் பேனலைத் திறந்து பார்த்த பிறகு வாங்குங்கள். வால்வு மூடிகளை நம்பி மட்டும், அழுத்தக் காற்றில் இயங்கும் மெஷினுக்குள் கை விடாதீர்கள். முழு கிட்டாக வாங்குவதைவிட உருப்படி உருப்படியாக வாங்குவது சின்ன ஆலைக்கு லாபம். ஏனென்றால் எந்தக் கிட்டிலும் துப்புரவு ஆட்களுக்குப் போதுமான பூட்டு இருப்பதில்லை.

பைக்குள் என்ன இருக்கிறது

கோவையிலும் சென்னை பாரிமுனையிலும் உள்ள இண்டஸ்ட்ரியல் சாமான் கடைகளிலும், இணையத்திலும் கிடைக்கும் தொடக்கநிலை கிட்டுகள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. நான்கைந்து பூட்டு, ஒன்றிரண்டு ஆறு துளை ஹாஸ்ப், எம்.சி.பி.க்கு மூன்று வகை கிளிப், பால் வால்வுக்கும் கேட் வால்வுக்கும் ஒவ்வொரு மூடி, இரண்டு மீட்டர் கம்பிவடம், பிளக்கை அடைக்கும் பெட்டி, 'ஆபத்து, இயக்காதே' என்ற அட்டைகள் ஒரு கட்டு, இவற்றைக் கட்டிவைக்கும் கேபிள் டை. எல்லாம் இடுப்பில் மாட்டும் ஒரு பைக்குள்.

பூட்டின் உடல் நைலான் அல்லது அதுபோன்ற கடினப் பிளாஸ்டிக். வளையம் 6 மி.மீ. தடிமன், 38 மி.மீ. உயரம். மாஸ்டர் லாக் 410 இந்த அளவுக்கு நல்ல உதாரணம். இங்கே தயாராகும் பூட்டுகளும் இதே அளவில் வருகின்றன. பிளாஸ்டிக் உடம்பைப் பார்த்து மலிவுச் சரக்கு என்று ஒதுக்க வேண்டாம். திருடனைத் தடுப்பது இதன் வேலை இல்லை. எடை குறைவாக, மின்சாரம் கடத்தாததாக, பத்தடி தூரத்திலிருந்தே கண்ணில் படும் நிறத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக இப்படிச் செய்கிறார்கள். சிவப்பு எலக்ட்ரிகலுக்கு, நீலம் ஃபிட்டருக்கு, மஞ்சள் துப்புரவுக்கு என்று பிரித்துவிட்டால், பேனலைக் கடந்து போகும் மேஸ்திரிக்கு உள்ளே யார் இருக்கிறார் என்பது அட்டையைப் படிக்காமலே தெரியும். ஒருமுறை நிறம் பிரித்த பிறகு அதே பூட்டை லாக்கருக்கோ சைக்கிளுக்கோ போடக் கூடாது. இந்தப் பூட்டு எங்கே தொங்கினாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பூட்டு திறந்திருக்கும்போது சாவியை உருவ முடியக் கூடாது. உருவ வந்தால், அவசரத்தில் வளையத்தை மாட்டிவிட்டு, அழுத்தாமலே சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். பார்ப்பவருக்குப் பூட்டியதுபோலத் தெரியும். ஒரு விரல் தட்டினால் விழும்.

இரண்டாவதுதான் மலிவுக் கிட்டுகளின் பெரிய குறை: எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி. விற்பவர் இதை வசதி என்று சொல்லி விற்பார். ஒரே எலக்ட்ரீசியன் ஐந்து சுவிட்சைப் பூட்ட வேண்டியிருந்தால் அது வசதிதான். ஆனால் ஐந்து பேர் ஆளுக்கொரு பூட்டு போட வேண்டிய இடத்தில் ஒரே சாவி என்றால், வேலை முடித்த முதல் ஆள் மற்ற நால்வரின் பூட்டையும் சேர்த்தே திறந்துவிடலாம். அந்த நால்வரில் ஒருவர் இன்னும் மெஷினுக்குள் இருக்கலாம். கடையிலேயே ஒவ்வொரு சாவியையும் மற்றப் பூட்டுகளில் போட்டுப் பாருங்கள். நான்கு பூட்டு என்றால் பன்னிரண்டு முறை போட வேண்டும், ஐந்து நிமிட வேலை. ஒன்று திறந்தாலும் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாவி மாறிய பூட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். மாஸ்டர் சாவியோடு வரும் செட்டும் வேண்டாம். மாஸ்டர் சாவி இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், உற்பத்தி நெருக்கடியில் அது மேலாளர் மேஜையிலிருந்து கிளம்பிவிடும்.

பஞ்சாலைக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. சாவித் துளைக்குள் பஞ்சுத் தூசு புகும். பூட்டு இறுகுகிறதே என்று மெஷின் ஆயிலை விட்டால், தூசும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாகிக் கொஞ்ச நாளில் சாவி நுழையவே நுழையாது. கிராஃபைட் பொடி ஒரு சிட்டிகை போதும்.

ஹாஸ்பில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஒரே சுவிட்சில் ஆறு பேர் பூட்டுப் போட வழி செய்யும் கவ்வி இது. கடைசிப் பூட்டு கழன்றால்தான் வாய் திறக்கும். ஏழாவது ஆள் வந்தால், ஆறாவது துளையில் இன்னொரு ஹாஸ்பை மாட்டலாம். மெல்லிய அலுமினியம் வளையும், எஃகு வாங்குங்கள். கவ்வும் வாய் 25 மி.மீ., 38 மி.மீ. என்று இரண்டு அளவில் வரும். உங்கள் சுவிட்ச் கைப்பிடியின் துளைக்குள் கவ்வியின் முனை நுழைகிறதா என்று பார்த்து எடுங்கள்.

பேனலைத் திறந்து பார்க்காமல் கிளிப் வாங்காதீர்கள்

எம்.சி.பி. கிளிப்புகளில்தான் பணம் வீணாகிறது. முள் உள்ள கிளிப், எம்.சி.பி.யின் நெம்பு பக்கத்தில் சிறு துளை இருந்தால் மட்டுமே நிற்கும். எல்லா மேக்கிலும் அந்தத் துளை கிடையாது. திருகி இறுக்கும் கிளிப் பெரும்பாலான நெம்புகளில் உட்காரும். ஆனால் திருகு அரைகுறையாக இறுகினால் பூட்டோடு சேர்ந்து கையோடு வந்துவிடும். மாட்டிய பிறகு கட்டைவிரலால் நெம்பை மேலே தள்ளிப் பாருங்கள், கிளிப்பைப் பிடித்து இழுத்தும் பாருங்கள். இரண்டுக்கும் அசையாமல் நின்றால்தான் அது பூட்டு. பக்கத்து எம்.சி.பி.யை இடித்துக்கொண்டு மாட்ட முடியாமல் போவதும் உண்டு. நெருக்கமாக அடுக்கிய பேனலில் அகலமான கிளிப் உதவாது.

கிளிப்புக்குச் செலவிடும் பணத்தை வேறு இடத்தில் போடுவது நல்லது என்பது எங்கள் கருத்து. ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும், அந்த மெஷினின் மெயினை மட்டும் துண்டிக்கும் சுழல் கைப்பிடி ஐசோலேட்டர் ஒன்றைப் பொருத்துங்கள். ஆஃப் நிலையில் பூட்டு மாட்டும் துளை அதன் கைப்பிடியிலேயே இருக்கும். பல கைப்பிடிகளில் மூன்று பூட்டு வரை போடலாம். துப்புரவு ஆள் பேனல் ரூமுக்குப் போய் முப்பது எம்.சி.பி.யில் எது தன்னுடையது என்று தேட வேண்டாம். தவறான எம்.சி.பி.யைப் பூட்டிவிட்டு நம்பிக்கையோடு கையை விடுவது நடக்கக்கூடிய தவறு. பேனலில் பெயர் ஒட்டியிருந்து, பிறகு லைன் மாற்றி, ஒட்டிய பெயரை மாற்றாத ஆலைகளில் அது சுலபமாக நடக்கும். பழைய இரும்புப்பெட்டி மெயின் சுவிட்ச் இருக்கும் இடங்களில் நெம்புகோலில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். பலவற்றில் இருக்கும், யாரும் பயன்படுத்துவதில்லை.

எமர்ஜென்சி பட்டனை அமுக்கிவிட்டால் போதும் என்ற எண்ணத்தை எந்தக் கிட்டும் மாற்றிவிடாது, ஆனால் மாற்றியே ஆக வேண்டும். சிவப்புக் காளான் பட்டன் துண்டிப்பது கட்டுப்பாட்டுச் சுற்றைத்தான். மோட்டருக்கான மூன்று ஃபேஸும், மோட்டருக்கு மின்சாரத்தை இணைத்து விடும் சுவிட்சான கான்டாக்டர் வாசலில் தயாராக நிற்கின்றன. கான்டாக்டர் முனை உருகி ஒட்டிக்கொண்டால் பட்டனுக்கு அதிகாரம் போய்விடும். மெஷினின் மறுமுனையில் நிற்பவர், "யாரோ அமுக்கி வெச்சிட்டாங்க" என்று திருகி விடுவித்தாலும் அப்படியே. டிரைவ் (மோட்டர் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) வைத்த மெஷினில் ஸ்டாப் கொடுப்பதும் இதே கதை. டிரைவை ஆஃப் செய்த பிறகும் அதன் கப்பாசிட்டரில் மின்னூட்டம் இருக்கும். டெர்மினலைத் தொடும் முன் உறையில் எழுதியுள்ள நிமிடங்கள் வரை எலக்ட்ரீசியன் காத்திருக்க வேண்டும்.

கரண்ட் போன நேரத்தில் சுத்தம் செய்வது பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். மெஷின் நின்றிருக்கிறது, சூப்பர்வைசர், "அப்படியே துடைச்சிடுங்க" என்கிறார். பட்டன் ஸ்டார்டர் இருந்தால் கரண்ட் வந்தாலும் தானாக ஓடாது. திருப்பி வைக்கும் செலக்டர் சுவிட்ச் 'ஆன்' நிலையிலேயே விட்டிருந்தால், கரண்ட் வந்த நொடியில் ஓடும். காற்றழுத்த சுவிட்ச் வைத்த கம்ப்ரஸரும் அப்படியே எழும். மின்தடை என்பது பூட்டு போடும் வேலையைக் கட்டாயமாக்குகிறது, குறைப்பதில்லை.

பூட்டு போட்ட பிறகும் ஓடுபவை

கிட்டின் விளம்பரத்தில் வராத பகுதி இது, துப்புரவு ஆளுக்கு அதிகம் தேவைப்படுவதும் இதுதான். பஞ்சைச் சீவும் கார்டிங் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான சிலிண்டரின் விட்டம் சுமார் 1.29 மீட்டர். நிமிடத்துக்கு 450 சுற்று ஓடினால் அதன் விளிம்பு விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் போகிறது. மேலே நெருக்கமாகக் கம்பிப் பல். மெயினை ஆஃப் செய்து பூட்டு போட்டாயிற்று, அட்டையும் தொங்குகிறது. சிலிண்டரின் கனம் காரணமாக அது அதன் பிறகும் நிமிடக்கணக்கில் சுற்றும். கடைசிக் கட்டத்தில் சத்தமே இல்லாமல் சுற்றும், மில்லின் இரைச்சலில் நின்றுவிட்டதென்றே தோன்றும். அந்த நேரத்தில் அடியில் தொங்கும் வேஸ்ட்டை இழுக்கக் கை விட்டால் பூட்டு எதையும் தடுக்காது.

இதற்குச் சரியான பாகம் கவசக் கதவில் பொருத்தும், மின்காந்தத்தால் இயங்கும் சோலனாய்டு லாக். கூடவே சிலிண்டர் தண்டில் ஜீரோ ஸ்பீட் சென்சார். சுழற்சி முழுதாக நின்ற பிறகுதான் கதவு திறக்கும். வாங்கும்போது ஸ்பிரிங் விசையால் பூட்டி, மின்சாரம் கொடுத்தால் திறக்கும் வகையா என்று கேளுங்கள். எதிர் வகையை வாங்கினால், மின்தடை வந்ததும் கதவு திறந்துகொள்ளும், உள்ளே சிலிண்டர் சுற்றிக்கொண்டிருக்கும். புதிய கார்டிங் மெஷின்களில் இந்த ஏற்பாடு மெஷினோடு வருகிறது. பழைய மெஷினில் கதவுக்குச் சாதாரண லிமிட் சுவிட்ச் மட்டும் இருந்தால், அதன் முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கதவு திறந்தபடி மெஷினை ஓட்டுவதற்கான குறுக்குவழி அது. டேப்பால் ஏமாற்ற முடியாத, குறியீடு பதித்த (கோடெட்) சுவிட்சுகள் இருக்கின்றன, அவற்றுக்கு மாற்றுங்கள்.

காற்று அடுத்தது. கிட்டில் வரும் பால் வால்வு மூடி, கைப்பிடியை மூடிய நிலையில் பிடித்துக்கொள்கிறது. கம்ப்ரஸரிலிருந்து புதுக் காற்று வராது, சரி. ஏற்கெனவே உள்ளே போன காற்று எங்கே போகும்? சாதாரண பால் வால்வு அதை மெஷின் பக்கமே அடைத்து வைக்கும். 50 மி.மீ. உள்விட்டமுள்ள ஒரு காற்று சிலிண்டர் 6 பார் அழுத்தத்தில் தள்ளும் விசை சுமார் 120 கிலோ. சிக்கிய பெட்டியைக் கையால் உருவியதும், அதுவரை தடுத்து நின்ற அந்தச் சிலிண்டர் தன் பயணத்தை முடிக்கும். மூடும்போது கீழ்ப்பக்கக் காற்றை வெளியே விடும் துளையுள்ள வால்வு தனியாகக் கிடைக்கிறது, பூட்டு மாட்டும் துளையும் அதிலேயே உண்டு. வால்வு மூடி வாங்கும் காசுக்கு மேல் கொஞ்சம் சேர்த்து அதை வாங்கிப் பொருத்துங்கள். மூடியதும் புஸ்ஸென்று சத்தம் வந்து கேஜ் முள் சுழிக்கு வர வேண்டும். வராவிட்டால் கை போகக் கூடாது.

எடையும் ஆற்றல்தான். அரிசி ஆலை எலிவேட்டரின் அடிப்பெட்டியில் அடைப்பு எடுக்கும்போது, மேலேறும் பக்கத்து வாளிகளில் நெல் நிறைந்திருக்கும், இறங்கும் பக்கம் காலி. மோட்டர் பூட்டப்பட்டிருந்தாலும் அந்தப் பாரம் பெல்ட்டைப் பின்னோக்கி இழுக்கும். பின்சுழற்சியைத் தடுக்கும் பாகம் மேல் தண்டில் இல்லையென்றால் பெல்ட்டைக் கவ்வி கட்டிவிட்டு இறங்க வேண்டும்.

ரோலர் இடுக்கைப் பற்றி ஒரு கணக்கு. 300 மி.மீ. விட்டமுள்ள ரோலர் நிமிடத்துக்கு 60 சுற்று என்ற நிதான வேகத்தில் ஓடினாலும், அதன் மேற்பரப்பு விநாடிக்கு ஏறத்தாழ 94 செ.மீ. நகர்கிறது. கை பிடிபட்டதை உணர்ந்து இழுக்க அரை விநாடி ஆனால் 47 செ.மீ. உள்ளே போய்விடும். விரல் நுனியிலிருந்து முழங்கை வரையுள்ள நீளம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மெதுவாகத்தானே ஓடுகிறது, துணியை மட்டும் வைத்துத் துடைக்கிறேன் என்பவருக்கு இந்தக் கணக்கைச் சுவரில் எழுதிக் காட்டுங்கள். துணியின் நுனி இடுக்கில் மாட்டினால், விரலில் சுற்றிய துணி விரலையும் கூட்டிக்கொண்டு போகும். கையுறையும் அப்படியே. சுற்றும் தண்டுக்குப் பக்கத்தில் தளர்ந்த கையுறை பாதுகாப்பு உடை ஆகாது.

சில வேலைகளில் மெஷினை நகர்த்தாமல் சுத்தம் செய்யவே முடியாது. சிவகாசி அச்சகங்களில் ஆஃப்செட் பிளாங்கெட் (சிலிண்டர் மேல் சுற்றிய, மையைக் காகிதத்துக்கு மாற்றும் ரப்பர் விரிப்பு) கழுவுவது அப்படிப்பட்ட வேலை. சிலிண்டரைத் திருப்பித் திருப்பித்தான் முழுச் சுற்றையும் துடைக்க வேண்டும். அங்கே பூட்டு கிட் பயன்படாது என்று ஒப்புக்கொள்வது நேர்மை. பயன்படுவது இஞ்ச் பட்டன்: அமுக்கினால் கொஞ்சம் நகர்ந்து நிற்கும், விட்டால் உடனே நிற்க வேண்டும். முறை இதுதான்: நகர்த்து, நிறுத்து, மெஷின் கிளம்பாதபடி தடுக்கும் ஸ்டாப்-சேஃப் பட்டனைப் போடு, துடை, கையை எடு, மறுபடி நகர்த்து. துடைப்பவர் கையில்தான் பட்டன் இருக்க வேண்டும். ஒருவர் துடைக்க இன்னொருவர் அமுக்குவது வேண்டவே வேண்டாம். "ம்" என்று சொன்னாரா இல்லையா என்ற குழப்பத்தில் விரல் போகும். மெஷின் மெதுவாகத் தொடர்ந்து ஓட, ரோலர் உள்வாங்கும் பக்கத்தில் துணியைப் பிடிப்பது எந்த அவசரத்துக்கும் தகாது.

கார்டிங் மெஷின் ஒன்றுக்குப் பூட்டு போடும் வரிசை

மெஷின் பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு, வழக்கமான ஸ்டாப் பட்டனில் நிறுத்த வேண்டும். ஓட்டத்திலேயே மெயினை இழுக்கக் கூடாது. பிறகு ஐசோலேட்டர் ஆஃப். ஹாஸ்ப் மாட்டி, உள்ளே கை விடப்போகும் ஒவ்வொருவரும் தன் பூட்டைத் தானே போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். காற்று வால்வை மூடிக் காற்றை வெளியேற்றி அதற்கும் பூட்டு. சிலிண்டரும், அதற்குப் பஞ்சை ஊட்டும் பல் உருளையான லிக்கர்-இன்னும் நின்றுவிட்டதை, வெளியே தெரியும் தண்டு முனையையோ புல்லியையோ பார்த்து உறுதி செய்ய வேண்டும். காதை நம்பக் கூடாது. அடுத்து வருவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்: ஸ்டார்ட் பட்டனை அமுக்கிப் பார்ப்பது. ஓடவில்லை என்றால் சரியான சுவிட்சைத்தான் பூட்டியிருக்கிறோம். அமுக்கிப் பார்த்ததும் செலக்டர் இருந்தால் அதை மறுபடி ஆஃபுக்குக் கொண்டுவர வேண்டும். மறந்தால் கடைசியில் பூட்டைக் கழற்றி மெயினைப் போட்டதும் மெஷின் கிளம்பும். வயரைத் தொடும் வேலை என்றால் எலக்ட்ரீசியன் மின்னழுத்தம் இல்லை என்று மீட்டரில் பார்க்க வேண்டும். மீட்டரை முதலில் மின்சாரம் இருப்பது தெரிந்த இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில், பிறகு மறுபடி மின்சாரம் உள்ள இடத்தில். ஸ்க்ரூடிரைவர் டெஸ்டர் இதற்குப் போதாது.

பேல் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூமில் ஒரு பூட்டு பத்தாது. பேல் ஓப்பனர், பீட்டர்கள், மிக்ஸர், இடையிலே பஞ்சை உறிஞ்சித் தள்ளும் விசிறிகள், எல்லாம் ஒரே வரிசை. பீட்டரை மட்டும் பூட்டிவிட்டு, அதன் அடியிலுள்ள கிரிட் பார் கம்பிகளில் சிக்கியதை எடுக்கும்போது, முன்னால் உள்ள மெஷின் பஞ்சை அனுப்பிக்கொண்டே இருக்கலாம். இங்கே குழுப் பூட்டுப் பெட்டி வாங்குங்கள்: எல்லா ஐசோலேட்டரையும் பூட்டிய சாவிகளை அந்த இரும்புப் பெட்டிக்குள் போட்டு மூடி, பெட்டி மேல் ஆளுக்கொரு பூட்டு. கடைசி ஆள் தன் பூட்டை எடுக்கும்வரை எந்தச் சாவியும் வெளியே வராது. தொடக்கநிலை கிட்டில் இது வருவதில்லை, தனியாகத்தான் வாங்க வேண்டும்.

அட்டையும் ஆளும்

கிட்டில் வரும் அட்டைகள் ஆங்கிலத்தில், அதிகம் போனால் இந்தியும் சேர்ந்து இருக்கும். கோவை, திருப்பூர் பக்கத்து மில்களில் வேலை செய்பவர்கள் தமிழ் பேசுபவர்கள் மட்டுமல்ல. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். உள்ளூர் பிரிண்டரிடம் பி.வி.சி. அட்டையில் தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும், கூடவே கை படத்தோடு அடித்துக்கொள்ளுங்கள். பூட்டியவரின் புகைப்படமும் பிரிவும் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கும் முகம் தெரியும், "அண்ணன் உள்ளே இருக்கார்" என்பது ஒரு பார்வையில் புரியும். லேமினேட் செய்த காகித அட்டை ஈரமான இடத்தில் ஓரம் பிரிந்து மை கரைந்துவிடும். உணவு ஆலைகளில் தண்ணீர் அடித்துக் கழுவுவதால் அங்கே அது ஒரு வாரம்கூடத் தாங்காது. கட்டும் டையும் சாதாரணமானது ஆகாது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி 1910.147, அட்டையைப் பிடிக்கும் கட்டு குறைந்தது 50 பவுண்டு, அதாவது சுமார் 22.7 கிலோ விசையைத் தாங்க வேண்டும், மறுபடி பயன்படுத்த முடியாததாக இருக்க வேண்டும் என்கிறது. கிட்டோடு வரும் மெல்லிய டை கையால் இழுத்தாலே அறுந்தால் தூக்கிப் போடுங்கள். வெறும் அட்டையைத் தொங்கவிட்டு, பூட்டு இல்லாமல் கையை உள்ளே விடுவதும் வேண்டாம். அட்டை சொல்லும், தடுக்காது.

யாருக்குப் பூட்டு கொடுப்பது என்பதில்தான் பல ஆலைகள் தவறுகின்றன. கிட் மெயின்டனன்ஸ் அறையில் தொங்குகிறது, சாவி எலக்ட்ரீசியனிடம். கூட்டித் துடைப்பவர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி, பெண்களும் நிறைய. "எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் பூட்டச் சொல்லுங்க" என்பது ஷிப்ட் மாறும் நேரத்தில் நடக்காத காரியம். அவர் வரும் வரை காத்திருந்தால் ஷிப்ட் இன்சார்ஜ் திட்டுவார் என்பதற்காகவே ஓட்டத்தில் கை விடுகிறார்கள். ஐசோலேட்டரைத் திருப்பிப் பூட்டு போட எலக்ட்ரீசியன் தேவையில்லை. ஒவ்வொரு துப்புரவு ஆளுக்கும் தன் பெயர் எழுதிய ஒரு மஞ்சள் பூட்டு, ஒரு சாவி, ஒரு மணிநேரம் நேரில் செய்துகாட்டும் பயிற்சி. ஷிப்ட் அட்டவணையில் மெஷின் நிற்கும் நேரமும் எழுதியிருக்க வேண்டும். நேரம் ஒதுக்காமல் பூட்டு மட்டும் கொடுத்தால் அது பையிலேயே கிடக்கும்.

ஷிப்ட் முடிந்து பூட்டைப் போட்டபடியே வீட்டுக்குப் போய்விட்டால்? கட்டரை எடுக்கும் முன் அவர் ஆலைக்குள் இல்லை என்று உறுதி செய்யுங்கள், தொலைபேசியில் பேசுங்கள், மெஷினைச் சுற்றிலும் உள்ளேயும் ஆள் இல்லை என்று பாருங்கள். மறுநாள் அவர் வேலையைத் தொடும் முன் பூட்டு எடுக்கப்பட்டதைச் சொல்லுங்கள். ஓஷா விதியும் இந்த வரிசையைத்தான் கேட்கிறது. வெட்டும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருக்கட்டும், ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் ஏறட்டும்.

இது வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஆடம்பரம் என்று சொல்பவர்களுக்கு: 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 24ஆம் பிரிவில், தற்செயலாக ஆஃபிலிருந்து ஆனுக்கு நகரக்கூடிய மின்துண்டிப்புக் கருவியைப் பாதுகாப்பான நிலையில் பூட்டிவைக்க ஏற்பாடு வேண்டும் என்றே எழுதியிருந்தது. 22ஆம் பிரிவு, ஓடும் மெஷினின் பாகத்தால் காயம் வரக்கூடிய துப்புரவு வேலையில் பெண்களையும் இளம் வயதினரையும் ஈடுபடுத்தக் கூடாது என்றது. இன்னும் பின்னால் போனால், பிரிட்டனின் 1844ஆம் ஆண்டுச் சட்டமே ஓடும் மில் கியரைச் சிறுவர்கள் சுத்தம் செய்வதைத் தடுத்தது. இழப்பீட்டுக் கணக்கையும் பாருங்கள்: 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறன் இழப்பு 30 சதவீதம், ஒரு கையின் நான்கு விரலும் போனால் 50 சதவீதம் என்று இருந்தது. நூல் முடிச்சு போட்டுப் பிழைக்கும் ஒருவருக்குக் கட்டைவிரல் இல்லாமல் மீதி 70 சதவீதம் எங்கே இருக்கிறது என்று அந்த அட்டவணை சொல்லவில்லை.

என்ன வாங்குவது

பத்துப் பதினைந்து மெஷின் உள்ள ஆலைக்கு எங்கள் பரிந்துரை: சாவி மாறிய நைலான் பூட்டுகள், மெஷினுக்குள் கை விடும் ஒவ்வொருவருக்கும் ஒன்று, அதற்கு மேல் இரண்டு உபரி, எஃகு ஹாஸ்ப் ஆறு, ஒரு குழுப் பூட்டுப் பெட்டி, காற்றை வெளியேற்றும் பூட்டு வால்வு, காற்று மெஷின் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, ஐசோலேட்டர் இல்லாத மெஷின்களுக்கு ஐசோலேட்டர், ஒரே நேரத்தில் முடியாவிட்டால் மாதம் இரண்டாக. பிளக்கில் ஓடும் சின்ன மெஷின்களுக்குப் பிளக் பெட்டி நல்ல சரக்கு. மாவு மிக்ஸர், ஸ்லைசர் வைத்திருக்கும் பேக்கரிக்கும் ஓட்டல் சமையலறைக்கும் அதுவும் ஒரு பூட்டும் இருந்தாலே பெரும்பகுதி வேலை முடிந்தது. பெட்டிக்குள் பிளக் முழுதாக நுழைகிறதா என்று பார்க்கப் பிளக்கின் சுற்றளவை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள், 32 ஆம்பியர் வட்டப் பிளக் சின்னப் பெட்டியில் நுழையாது. கம்பிவடம் கேட் வால்வுக்கு உதவும். தொய்வில்லாமல் இழுத்துப் பூட்டினால்தான், தளர்ந்தால் சக்கரம் அரைச் சுற்று திரும்பிவிடும். கேட் வால்வு வட்ட மூடியும் முள் கிளிப்பும் தேவைப்பட்டால் மட்டும்.

பூட்டும் ஹாஸ்பும் ஆளுக்குச் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ஆர்டர் கொடுக்கும்போது ஒவ்வொரு பூட்டுக்கும் எத்தனை சாவி அனுப்புவார்கள் என்று கேளுங்கள். இரண்டு வந்தால், ஒன்றை ஆளிடம் கொடுக்கும்போதே இரண்டாவதை அவர் கண்முன் உடைத்துப் போடுங்கள். பூட்டின் அடியில் உள்ள எண்ணைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அவர் வேலையை விட்டுப் போனால் பூட்டைத் திரும்ப வாங்கி, பெயரை அழித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டாம். புது ஆளுக்குப் புதுப் பூட்டு.